ஐம்பதாம் நம்பர் ஒயில்

மருதமுனையில் இருந்து கைத்தறிச் சேலையும் சாரனும் ஏற்றிக்கொண்டு றஸாக் மலைநாட்டில் கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போவது அது நாலாவது வருஷம். தைப்பொங்கலுக்கு முந்தின கிழமை அங்கே வியாபாரம் நன்றாக இருக்கும். இந்த முறை மனைவி ஸுஹைறாவும் கூடப் போனாள். ஆம்பிளை விரித்துக் காட்டும் சேலையைவிட, தான் தோளில் போட்டுக் காட்டினால் பெண்கள் வாங்குவார்கள் என்று சொல்லி ஏறிக்கொண்டாள். அவளுக்கு இழுப்பு வருத்தம். இன்ஹேலர் கைப்பையில் இருந்தது. அதில் மருந்து எவ்வளவு மிச்சம் என்று இருவரும் பார்க்கவில்லை.

அவர்களுடைய டொல்பின் வேன் மிகப் பழசு. புகை கக்கி ஒயிலைக் குடிக்கிறது என்று போன வருஷம் கல்முனையில் ஒரு கராஜில் காட்டியபோது, தடிப்பான ஒயில் ஊற்றினால் தேய்ந்த இடத்தை அது அடைத்துக்கொள்ளும் என்றார்கள். எஞ்சினைக் கழற்றாமல் முடிகிற வேலை என்று றஸாக்கும் சம்மதித்தான். ஐம்பதாம் நம்பர் ஒயில் ஊற்றினார்கள். புகை நின்றது. கடற்கரை வெயிலில் வேன் அதன்பிறகு ஒரு நாளும் முரண்டு பிடிக்கவில்லை.

போய்ச் சேர்ந்த அன்று பின்னேரமே பனிமூட்டம் ரோட்டை மூடிவிட்டது. கொழுந்து பறிக்கும் தெய்வானை, வருஷா வருஷம் அவனிடம் சேலை எடுப்பவள், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் தன் அறையில் இருவருக்கும் இடம் கொடுத்தாள்.

விடியுமுன் ஸுபஹுத் தொழுகைக்கு எழும்பிய றஸாக்குக்கு முதலில் கேட்டது ஸுஹைறாவின் நெஞ்சில் இருந்து வந்த விசில் சத்தம். சுவரைப் பிடித்தபடி குந்தியிருந்தாள். இன்ஹேலரை அமர்த்தினாள். வெறும் காற்று வந்தது. மறுபடி அமர்த்தினாள்.

"இஞ்ச... எனக்கு ஏலா," என்றாள். அதைச் சொல்லவே இரண்டு தரம் மூச்சு எடுக்க வேண்டியிருந்தது.

அம்புலன்ஸுக்கு அழைத்தான். கிட்ட இருந்தது வேறு நோயாளியோடு போயிருக்கிறது, அடுத்தது இந்த மூட்டத்துக்குள் வர ஒரு மணித்தியாலம் ஆகலாம் என்றார்கள். லயத்தில் இருந்த ஒரே ஓட்டோ திருத்த வேலைக்குப் போயிருந்தது. றஸாக் வேனுக்கு ஓடினான். புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது.

சாவியைத் திருப்பினான். எஞ்சின் ஒருமுறை முனகி அரைச்சுற்றுச் சுற்றி நின்றது. இரண்டாம் தரம் அதுவுமில்லை. மூன்றாம் தரம் 'டிக்' என்ற சத்தத்தோடு பட்டறி செத்தது. ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்த்தான். குளிரில் இறுகி நுனியில் திரண்ட ஒயில் கீழே விழாமல் அப்படியே தொங்கியது. அதற்குள் எஞ்சின் எப்படிச் சுற்றும் என்று அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

லயத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் வந்து தள்ளினார்கள். சரிவில் வேன் வேகம் எடுத்ததும் இரண்டாம் கியரில் கிளச்சை விட்டான். எஞ்சின் அசையவில்லை. பின்சில்லுகள் இறுகி, ஈரமண்ணில் கோடு இழுத்துக்கொண்டு வழுக்கின. சரிவில் பாதி முடிந்துவிட்டது. சரிவு முடிந்தால் ஏற்றம்தான். மிச்சம் இருந்தது ஒரேயொரு தள்ளுக்கு உரிய இடம்.

திரும்பிப் பார்த்தான். தெய்வானை ஸுஹைறாவைத் தாங்கிக்கொண்டு வாசலில் நின்றாள். ஸுஹைறாவின் உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது. தூக்கிக்கொண்டு ஓடலாமா என்று நினைத்தான். நுவரெலியாவுக்குப் பத்துக் கிலோமீற்றருக்கு மேல்.

வேனுக்குக் கீழே படுத்து ஒயில் சட்டியின் நட்டைக் கழற்றினான். ஒயிலை இறக்கிச் சூடாக்கி ஊற்றுவதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. தெய்வானை சோற்றுப் பானையைக் கொண்டுவந்து நீட்டினாள். ஒயில் கித்துள் பாணிபோல நூலாக இறங்கியது. படுத்தபடியே துஆ ஓதினான். பாதியில் சொற்கள் மறந்து, 'யா அல்லாஹ், கெதியா, கெதியா' என்பது மட்டும் வாயில் நின்றது.

அடுப்பு அறைக்குள் இருந்தது. அங்கே விறகு எரித்தால் அந்தப் புகையே அவளை முடித்துவிடும். வெளியே வைத்திருந்தால் குளிர் நெஞ்சை இறுக்கும். தெய்வானை யோசிக்கவில்லை. ஸுஹைறாவைக் கம்பளியால் சுற்றி உள்ளே கிடத்திக் கதவைச் சாத்திவிட்டு, முற்றத்தில் மூன்று கல்லை வைத்து நெருப்பு மூட்டினாள். பானை சூடாகும் வரைக்கும் றஸாக் கதவோரம் நின்று விசில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு கட்டத்தில் அது குறைந்தது. நல்லதுக்குக் குறைகிறதா என்று அவனுக்குத் தெரியவில்லை. கதவைத் திறந்து கூப்பிட்டான். அவள் கண்ணை மட்டும் திறந்தாள்.

ஒயில் தண்ணீராக இளகியிருந்தது. நட்டைத் திரும்ப இறுக்கிவிட்டு, பழந்துணியால் பானையைப் பிடித்து ஊற்றும்போது இரண்டு உள்ளங்கையும் வெந்தன. ஸுஹைறாவை வேனில் ஏற்றி, தெய்வானை பின்னால் இருந்து அவளைச் சாயவிடாமல் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே மூச்சா தள்ளுங்க," என்று யாரோ சொன்னார்கள். வேன் உருண்டது. ஏற்றம் தொடங்கும் இடம் கண்ணுக்குத் தெரிந்தது. றஸாக் கிளச்சை விட்டான். வேன் குலுங்கியது, இருமியது, நிற்கப் பார்த்தது. பிறகு எஞ்சின் பிடித்தது. அவன் அழுதுகொண்டே அக்சிலேட்டரை மிதித்தான்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் அவளைச் சக்கரக் கட்டிலில் வைத்து உள்ளே கொண்டுபோனார்கள். இரண்டு மணித்தியாலம் அவனும் தெய்வானையும் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். தோட்டத்தில் வேலைக்கு அன்றைய பேர் போடவில்லை, கூலி போய்விடும் என்று அவளைப் போகச் சொன்னான். அக்காவைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்றாள்.

டொக்டர் வந்து, ஆபத்து தாண்டிவிட்டது, ஆனால் இரண்டு நாள் இருக்க வேண்டும் என்றார்.

கட்டிலருகே போய் நின்றபோது மருதமுனையில் இருந்து மகள் நிப்லா அழைத்தாள். அவன் முடிந்தமட்டும் சொன்னான். ஆபத்து தாண்டிவிட்டது என்பதை அவள் நம்பவில்லை. உம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லி அழுதாள்.

"உம்மாக்கு இப்ப கதைக்க ஏலா மகள்," என்றான் றஸாக். வெந்த கையால் போனை ஒக்சிசன் முகமூடிக்குப் பக்கத்தில் பிடித்தான். "மூச்சு எடுக்கிற சத்தம் கேட்குதா?"

அந்தப் பக்கம் அழுகை நின்றது.

"ஓம் வாப்பா," என்றாள் நிப்லா. "போனை எடுக்காதீங்க. இன்னும் கொஞ்சம் அப்படியே பிடிங்க."