எழுபத்து நாலில் ஓடியவன்

வெல்பி ஊர்க்காரர்கள் தங்களைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ள மாட்டார்கள். பெருமை பேசுவது அங்கே திருட்டுக்கு அடுத்தபடியான குற்றம். ஏரியில் ஆள் உயர மீனைப் பிடித்தவனைப் போய்க் கேட்டால் "ஏதோ மாட்டுச்சு" என்பான். தீப்பிடித்த வீட்டுக்குள் புகுந்து பிள்ளைகளைத் தூக்கி வந்த ஒருவர், பத்திரிகைக்காரரிடம் "அந்தப் பக்கமா வந்துட்டிருந்தேன்" என்பதோடு முடித்துக்கொண்டார். அமெரிக்காவின் வடகோடி மினசோட்டாக் குளிரில் வாயைத் திறக்கப் பயந்து வந்த பழக்கமா, லூத்தரன் சபைப் பாதிரிமார்கள் பாலோடு ஊட்டியதா என்று யாருக்கும் தெரியாது. எப்படி வந்திருந்தாலும், இந்தப் பழக்கத்தின் புண்ணியத்தில் வெண்டல் இவர்சன் அரை நூற்றாண்டாக ஒரு பொய்க்குள் குடியிருந்தார். அதுவும் அவர் சொல்லாத பொய்.

நடந்தது இதுதான். 1974இல் நாடு முழுக்க ஒரு பைத்தியம் பிடித்து ஆட்டியது. கல்லூரிப் பையன்கள் துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு மைதானத்தில் ஓடினார்கள், கடைத்தெருவில் ஓடினார்கள், கேட்டால் 'சும்மா' என்றார்கள். அந்த மார்ச்சில், வெல்பி ஏரியின் உறைந்த பனிமேல் மீன்பிடிப் போட்டி நடந்துகொண்டிருந்தபோது, தூண்டில்புழு விற்கும் கடைக்குப் பின்னாலிருந்து ஒருவன் கிளம்பிக் கொடிக்கம்பம் வரைக்கும் அம்மணமாக ஓடினான். முழு அம்மணம் என்றும் சொல்லிவிட முடியாது. காலில் பூட்ஸ் இருந்தது. முகத்தில் கண் மட்டும் தெரிகிற கம்பளி முகமூடி, அதற்கு மேலே காதை மூடும் தொப்பி. மினசோட்டாக்காரன் மானத்தை விட்டாலும் விடுவான், காதை விடமாட்டான். பனியில் துளை போட்டு, வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து தூண்டில் பிடித்துக்கொண்டிருந்த ஊர்ஜனம் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் மீன் போய்விடும்.

மறுநாள் காலை வெண்டல் தும்மினார்.

அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். அம்மா வீட்டுக் கூரையில் பனி வழித்துத் தள்ளியதில் சளி பிடித்திருந்தது. ஆனால் தீவனக் கடையில் அவர் தும்மியதும் நாலு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "என்ன வெண்டல், நேத்து ஏரிப்பக்கம் காத்து பலமோ?" என்றார் ஒருவர். வெண்டலுக்கு அப்போது இருபத்து நாலு வயது. பேசத் தெரியாது, ஆடத் தெரியாது, பெண்கள் இருக்கும் பக்கம் திரும்பவே தெரியாது. "அட, அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்று காது சிவந்தார். வேறெந்த ஊரிலும் இதற்குப் பெயர் மறுப்பு. வெல்பியில் இதற்குப் பெயர் ஒப்புதல் வாக்குமூலம். சாயங்காலத்துக்குள் ஊர் முடிவு கட்டிவிட்டது.

மூன்றாம் நாள் மார்லிஸ் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்த, ஊரே திரும்பிப் பார்க்கிற மார்லிஸ். அதுவரை வெண்டலுக்குத் தபால்தலை கொடுத்ததைத் தவிர வேறு தொடர்பில்லாதவர். கையில் ஒரு பாத்திரம் கோழிச் சூப். "உனக்குள்ள இப்படி ஒரு ஆளு இருக்கான்னு நான் நெனச்சே பாக்கல" என்றார். வெண்டல் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார், தும்மல்தான் வந்தது. அடுத்த வருஷம் ஜூனில் கல்யாணம். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டார். தள்ளிப் போட்டதில் தலை நரைத்துவிட்டது.

இப்போது ஐம்பது வருஷம் ஆனதைக் கொண்டாட, ஊர் வரலாற்றுச் சங்கத் தலைவி டெலோரஸ் 'அந்த எழுபத்து நாலு' என்று ஒரு நிகழ்ச்சி ஏற்பாடு செய்திருந்தார். பள்ளி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரையே இன்னும் சத்தம் போடாதே என்று மிரட்டிக்கொண்டிருப்பவர். வியாழக்கிழமை மளிகைக் கடையில் வெண்டலை மடக்கினார்.

"வெண்டல், உனக்கு ஒரு ஆச்சரியம் வச்சிருக்கேன். பழைய பத்திரிகை ஆபீஸ் பெட்டிக்குள்ள கெடந்துச்சு. அந்த ஓட்டத்தோட படம்! அப்ப பூட்ஸ மட்டும் வெட்டிப் போட்டாங்களே, அதோட முழுப் படம். பின்னாடி இருந்து எடுத்தது. பயப்படாத, இடுப்புக்குக் கீழ நான் மேப்பிள் இலை ஒட்டிட்டேன்."

வெண்டலின் கை தானாகத் தோளுக்குப் போனது. அவருடைய இடது தோளில் பிறவியிலேயே ஒரு மச்சம், பெரிய பொத்தான் அளவுக்கு. அது அங்கே இருப்பது ஊரில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் தினமும் ராத்திரி அவர் முதுகில் மூட்டுவலித் தைலம் தேய்த்துவிடுகிறவர். ஊர் சிரித்தால் வெண்டல் தாங்கிக்கொள்வார். மார்லிஸ் அந்த மச்சமில்லாத முதுகைப் பார்த்துவிட்டு, 'அப்படியென்றால் நான் யாரைக் கட்டிக்கொண்டேன்?' என்று தன்னைத் திரும்பிப் பார்ப்பதை மட்டும் அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரை சோறு தண்ணி இறங்கவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக் கட்டடத்தின் அடித்தளக் கூடத்தில் ஊரே கூடியது. உருளைக்கிழங்கும் கறியும் சேர்த்து வேகவைத்த பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. எலுமிச்சைக் கேக் தட்டில் கடைசித் துண்டு மிஞ்சிவிட்டது. கடைசித் துண்டை எடுப்பது பேராசை என்பதால் ஒருவர் அதைப் பாதியாக வெட்டி எடுத்தார், அடுத்தவர் அதில் பாதி, அதற்கடுத்தவர் அதிலும் பாதி. எறும்பு எடுத்துப் போகிற அளவுக்கு வந்த பிறகும் அது தட்டில் இருந்தது. வெண்டல் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

டெலோரஸ் திரையில் வருஷத்தை மாதம் மாதமாக ஓட்டினார். பெட்ரோல் தட்டுப்பாடு, பம்புக்கு முன்னால் மைல் கணக்கில் கார் வரிசை. "எங்க பம்புல வரிசையே கெடையாது. எர்னி தூங்கிட்டிருப்பான், நாமே ஊத்திக்கணும்" என்றார் ஒருவர். மணிக்கு ஐம்பத்தைந்து மைலுக்கு மேல் போகக்கூடாது என்று சட்டம் வந்தது. "என் லாரிக்கு அது இலக்கு, எல்லையில்ல" என்றார் இன்னொருவர். மெழுகுபோல மினுங்கும் பாலியஸ்டர் கோட்டு சூட்டில் தன் கல்யாணப் படத்தைப் பார்த்து ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆகஸ்டில் ஜனாதிபதி பதவி விலகியதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது யார் எங்கே இருந்தார்கள் என்று டெலோரஸ் கேட்டார். கூடம் சற்று யோசித்தது.

"அன்னிக்குத்தான எங்க பசு கன்னு போட்டுச்சு?" என்றார் பின்வரிசைப் பெண் ஒருவர். "ரெட்டைக் கன்னு." ஜனாதிபதியைப் பற்றி அதற்குமேல் யாருக்கும் சொல்ல ஒன்றுமில்லை. ரெட்டைக் கன்றைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார்கள்.

"கடைசியா, வேணும்னே தள்ளி வச்ச மார்ச்" என்றார் டெலோரஸ். "ஏப்ரல்ல, ஹாலிவுட் விருது விழா மேடையில ஒருத்தன் ஓடினான், உலகமே பாத்துது. நம்ம ஊர்ல அதுக்கு முந்தியே ஓடியாச்சு. நான் பெருமைக்குச் சொல்லல. தேதிய மட்டும் சொல்றேன்."

படம் விழுந்தது. வெள்ளைப் பனி, வாளிகள்மேல் முதுகு காட்டி உட்கார்ந்த ஜனம், நடுவே தொப்பியும் பூட்ஸும் போட்ட ஒரு வாட்டசாட்டமான முதுகு, கீழே மேப்பிள் இலை. இடது தோள் பளிங்குபோல வெறுமையாக இருந்தது. வெண்டல் மார்லிஸைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

"அது நான்தான்" என்றது ஒரு குரல்.

கர்ட் லிண்டால் எழுந்து நின்றார். ஒவ்வொரு குளிர்காலமும் அரிசோனாவுக்குப் போய்விடுகிறவர். இந்த முறை இதற்காகவே சீக்கிரம் திரும்பி வந்திருந்தார். தோல் வெயிலில் பழுத்திருந்தது. கூடம் அதிர்ந்துபோனது. ஓடினது தப்பில்லை, அது சின்ன வயசு. ஓடினேன் என்று இப்படி எழுந்து நின்று சொல்கிறானே!

"அரிசோனா வெயிலு ஆளக் கெடுத்துடும்" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"எங்கப்பா சபையில மூப்பரா இருந்தாரு, தெரிஞ்சா தோலை உரிச்சிருப்பாரு. அதான் வாயத் தெறக்கல" என்றார் கர்ட். "அம்பது வருஷமா இன்னொருத்தன் என் பேரைத் தின்னுட்டிருக்கான். வேணும்னா சட்டையக் கழட்டிக் காட்டறேன், ஒப்பிட்டுப் பாருங்க." பொத்தானில் கை வைத்தார்.

பாஸ்டர் டானா பாய்ந்து வந்தார். "சர்ச்சுக்குள்ள வேணாம், கர்ட். காப்பி சாப்பிடுங்க. சூடா இருக்கு."

கர்ட் யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அந்த 1974இல் மார்லிஸை நடனத்துக்குக் கூப்பிட்டு, இல்லை என்ற பதிலை வாங்கியவர் அவர். கூடத்தின் கண்கள் மெல்ல வெண்டல் பக்கம் திரும்பின. ஆனது ஆகட்டும் என்று வெண்டல் எழுந்தார். "கர்ட் சொல்றது..." என்று தொடங்கினார்.

மார்லிஸ் அவர் கோட்டைப் பிடித்துக் கீழே இழுத்தார். வெண்டல் நாற்காலியில் விழுந்தார். மார்லிஸ் எழுந்தார்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து அந்த முதுகத்தான் நான் பாத்துட்டிருக்கேன். தைலம் தேய்க்கிறவ நான். அது வெண்டலோட முதுகு. உக்காரு, கர்ட்."

பெண்டாட்டியின் சாட்சிக்குமேல் வெல்பியில் மேல்முறையீடு கிடையாது. கர்ட் உட்கார்ந்தார், உடனே மறுபடி எழுந்தார். "அப்படின்னா ஓடிக் காட்டட்டும்! சனிக்கிழமை மீன்பிடிப் போட்டி இருக்கில்ல? அதே கடையிலேருந்து அதே கம்பம் வரைக்கும்!"

"ஓடுவான்" என்றார் மார்லிஸ்.

"நீள உள்ளாடையோட" என்றார் பாஸ்டர் டானா அவசரமாக. டெலோரஸ் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தார்.

இருவரும் கார் நிறுத்துமிடத்துக்கு வந்தார்கள். மார்லிஸ்தான் ஓட்டுகிறவர். கண்ணாடியில் படிந்த உறைபனி உருகட்டும் என்று எஞ்சினை ஓடவிட்டுவிட்டு, கையுறைகளைத் தேய்த்தார். ஐம்பது வருஷமாகத் தள்ளிப் போட்டதை இனிமேல் ஒரு நிமிஷம்கூடத் தள்ள முடியாது.

"மார்லிஸ். அது நான் இல்ல."

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"கல்யாணத்தன்னிக்கு ராத்திரிலேருந்து. வெளக்க அணைச்சாத்தான் சட்டையக் கழட்டுவேன்னு அழுதியே, அந்த ஆளா ஊரு நடுவுல ஓடினான்? அப்புறம் அந்த மச்சம் வேற."

"அப்ப ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"நீ சொல்லுவேன்னு காத்துட்டிருந்தேன். சொல்லிடுவியோன்னு பயமாவும் இருந்துச்சு." மார்லிஸ் முன்னால் பார்த்துக்கொண்டே பேசினார். "இந்த ஊர்ல எனக்குன்னு இருந்த ஒரே வேடிக்கை அதுதான், வெண்டல். கடைக்குப் போனா, அதோ பனியில ஓடினவன் பெண்டாட்டின்னு பாப்பாங்க. நல்லா இருந்துச்சு. இந்த வயசுல போயி, சளி புடிச்சவன் பெண்டாட்டியா ஆகணுமா நான்?"

வெண்டலுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் நீர் வந்தது. இத்தனை வருஷம் தான் ஏமாற்றிவிட்டதாக நினைத்த பெண், அந்தப் பொய்யைத் தன்னைவிட ஜாக்கிரதையாகக் காப்பாற்றி வந்திருக்கிறாள். இவளை ஏன் இவ்வளவு நாள் கண்டு பயந்தோம் என்று வெட்கமாக இருந்தது. அவளை அவ்வளவு பிடித்திருந்தது.

"எனக்கு எழுபத்து நாலு வயசாச்சு" என்றார். "முட்டி வேற சரியில்ல. பொய் சொன்னவனா செத்தாலும் பரவால்ல, பனியில வழுக்கி விழுந்தவனா சாகணுமா? அது நான் இல்லவே இல்ல, மார்லிஸ்."

மார்லிஸ் கியரைப் போட்டார்.

"சனிக்கிழமை வரைக்கும்தான் அது நீ இல்ல" என்றார்.