யானைக்குக் குதிரை

"சுனில், அதைத் தொடாதடா!" என்று சாவித்ரி எழுவதற்குள் நடுத் தட்டும் கழன்று வந்துவிட்டது.

"சாரிம்மா. ஃப்ரீஸர் பாக்ஸ் வெக்க எடம் வேணும் கதா?"

ஹப்சிகுடாவிலிருந்து அடித்துப் பிடித்து ஓடிவந்த மகன்; பேச்சில் பாதி தெலுங்கு. அப்பாவைக் கிடத்தக் கூடத்தில் இடம் வேண்டும், பாவம், அவன்தான் என்ன செய்வான்? ஒன்றின் மேல் ஒன்றாக நின்ற மூன்று அக்ரிலிக் சதுரங்கப் பலகைகளையும் பிரித்துச் சுவரோரம் சாய்த்தான். காய்களை மொத்தமாக வழித்துக் காய்கறிப் பையில் போட்டான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. காலையிலிருந்தே வரவில்லை. கடைசியாக அவர் என்ன ஆடினார்? அது ஒன்றுதான் மண்டைக்குள் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

குணசேகரன் ஏ.எஸ்.ராவ் நகர் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த மூன்று தட்டுச் சதுரங்கத்தை அவரே அறுத்து ஒட்டினார். காய்கள் பக்கவாட்டில் மட்டுமல்ல, மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் ஏறி இறங்கும். அது வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து புருஷன் பெண்டாட்டிக்குள் ஒரே சண்டை. குதிரைக்கு என்ன மதிப்பு?

"யானை அஞ்சு, குதிரை மூணு. உலகமே ஒத்துக்கிட்ட கணக்கு" என்பார்.

"அது ஒத்தைத் தட்டுக் கணக்குங்க. அங்க யானைக்குப் பதினாலு கட்டம், குதிரைக்கு எட்டு. மூணு தட்டுல நடுவுல வெச்சுப் பாருங்க, ரெண்டுக்கும் பதினாறு. அதுலயும் யானைக்கு வழி விடணும், குதிரை தாண்டிப் போயிடும்."

"மூலையில வெச்சா உன் குதிரை செத்துது. சராசரி எடுக்கணும்டி."

"மூலையில கொண்டுபோய் வெக்க எனக்கென்ன கிறுக்கா?"

மனுஷன் மசியவே மாட்டார். நேற்று அவள் வேண்டுமென்றே தன் கறுப்புக் குதிரையை அவருடைய வெள்ளை யானைக்கு நேராகக் கொண்டுபோய் வைத்தாள். மேல் தட்டில் அவள் மந்திரி காவல். குதிரையை வெட்டினால் அடுத்த நகர்த்தலில் யானை போய்விடும்.

"வெட்டுங்க பாக்கலாம். வெட்டினா, ரெண்டும் ஒரே மதிப்புன்னு நீங்க ஒத்துக்கிட்டீங்கன்னு அர்த்தம்."

"நான் யோசிக்கணும்" என்று எழுந்து போய்விட்டார். அவராவது ஒத்துக்கொள்வதாவது!

காலையில் அவள் சமையலறையில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது குரல் வந்தது. "சாவித்ரி, ஆடிட்டேன். வந்து பாரு."

"இருங்க, கை வேலையா இருக்கேன்."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது அவர் தலை நாற்காலியில் சாய்ந்திருந்தது. அப்புறம் பலகையை யார் பார்த்தார்கள்? இனிமேல் பார்க்கவும் முடியாது.

மத்தியானம் செகந்திராபாத்திலிருந்து கொழுந்தன் கிருஷ்ணகுமார் வந்து எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டார். குளிப்பாட்டுவதற்காக வெளியே பெஞ்சில் கிடத்தினார்கள்.

"அண்ணி, எண்ணெ சீயக்கா வெக்கணும். வாங்க."

போனாள். வைத்தாள். நெற்றி சில்லென்றிருந்தது. யார் யாரோ கதறினார்கள். அடுத்த வீட்டு டிவி சத்தம் மாதிரி அது எங்கேயோ கேட்டது.

கிருஷ்ணகுமார் கத்தரிக்கோலால் சட்டையை வெட்டி உருவினார். பையிலிருந்து ஏதோ ஒன்று தரையில் விழுந்து உருண்டது. சுனில் குனிந்து எடுத்தான்.

கறுப்புக் குதிரை.

வெட்டிய காயை, அவள் வந்து பார்க்கும்வரை, சட்டைப் பையில் ஒளித்துவைப்பது அவர் வழக்கம். இத்தனை நேரம் இது எப்படி அவளுக்கு மறந்துபோனது?

"ஒத்துக்கிட்டாருடா" என்றாள்.

"ஏன்ட்டிம்மா? எதை?"

அவள் உள்ளே போய்க் காய்கறிப் பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். இரண்டு வெள்ளை யானைகளில் குதிரையை வெட்டியது எதுவென்று யார் கண்டது? இனி அவள் முறை. கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது அவருக்குப் புது வேட்டி கட்டியாகிவிட்டது. குதிரையை சுனிலிடமிருந்து வாங்கி அவர் இடுப்பு மடிப்பில் செருகினாள்.

"அண்ணி, இதெல்லாம் எதுக்கு?"

"அவர் வெட்டினதுங்க. அவர்கிட்டயே இருக்கட்டும்."

தூக்கியபோது தெருவில் நின்றவர்கள் எல்லாரும் கைகூப்பினார்கள். சாவித்ரி கூப்பவில்லை. அவளுடைய வலது கை யானையை இறுக்கி மூடியிருந்தது.