பூ வெட்டும் பஞ்ச்

இசைப்பிரியா போனில் கேட்டது ஆபீஸில் ஃபைலுக்கு ஓட்டை போடும் பஞ்ச் இல்லை. கையில் பிடித்து அமுக்குவது. தாளை அதன் வாயில் கொடுத்து அமுக்கினால் பூ வடிவத்தில் வெட்டும். வெட்டி விழுந்த பூவை இன்னொரு பக்கத்தில் ஒட்டிக்கொள்ளலாம். பூ இருந்த ஓட்டைக்குப் பின்னால் வேறு நிறத் தாளை வைக்கலாம். இதையெல்லாம் அவள் நிறுத்தாமல் சொன்னாள். கார்முகில் குறுக்கே பேசவில்லை. பேசினால் நிறுத்திவிடுவாள் என்று பயம்.

மகள் அவனிடம் இவ்வளவு நீளமாகப் பேசி ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவன் மனைவி மணிமொழி கிட்னி போய்ச் செத்த பிறகு, அவளுடைய தங்கை சரிதா பிள்ளையைக் காடாம்புலியூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பிள்ளை ஒன்பதாவது அங்கேயே படித்தாள். கார்முகில் மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டில் தனியாக இருந்தான். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் கான்ட்ராக்ட் ஃபிட்டர் வேலை. தினமும் போன் செய்வான். சாப்பிட்டியா என்பான், சாப்ட்டேன் என்பாள். படிச்சியா என்பான், படிச்சேன் என்பாள். அதோடு சரி.

இப்போது பரீட்சை முடிந்துவிட்டது. ஜூனில் பத்தாவது. எங்கே சேர்ப்பது என்று சரிதாவிடம் கேட்டான். பிள்ளை இனிமேல் தன்னோடு இருக்கட்டும் என்றும் சொன்னான். சரிதா பிடி கொடுக்கவில்லை. "அதுக்கே விவரம் தெரியுது மாமா. ஞாயித்துக்கெழம அனுப்பறன், நீங்களே கேட்டுக்குங்க" என்றாள்.

மணிமொழியின் முதல் வருஷ நினைவு நாள் அடுத்த வியாழக்கிழமை வந்தது. ரோட்டோரம் ஃப்ளெக்ஸ் வைக்கலாம் என்று சரிதாவின் வீட்டுக்காரர் சொன்னதற்கு இசைப்பிரியா வேண்டாம் என்றிருக்கிறாள். அம்மாவுக்காக அவள் ஒரு ஆல்பம் செய்துகொண்டிருந்தாள். தடித்த தாளை வாங்கி வெட்டி, போட்டோ ஒட்டி, பக்கத்தில் அம்மாவைப் பற்றித் தானே எழுதி, ஓரத்தில் படம் வரைந்து, மாசக்கணக்காகச் செய்த வேலை. படையல் அன்றைக்கு வருகிறவர்கள் அதைப் புரட்டிப் பார்க்கட்டும் என்றாள். பக்க ஓரங்களில் பூ வெட்டுவதுதான் பாக்கி. சிநேகிதியிடம் இருந்த பஞ்ச் உடைந்துவிட்டது.

"ஞாயித்துக்கெழம வர்றப்ப அங்கியே ஒக்காந்து வெட்டிடுறன்பா. வாங்கி வையி" என்றாள்.

சுரங்க நகரியத்தின் மெயின் பஜாரில் ஒரு ஸ்டேஷனரி கடை. கடைக்கார அம்மா பெயர் மரியசெல்வி. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் சாமான்கள் விற்று விற்று எல்லாம் தெரிந்திருந்தது. அவள் மூன்று பஞ்சுகளைக் கண்ணாடி மேல் வைத்தாள்.

முதலாவது ரோஸ் நிற பிளாஸ்டிக். மேஜையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்துவது. தாளின் விளிம்பில் மட்டும்தான் வெட்டும், உள்ளே போகாது. இரண்டாவது கட்டிங் பிளேயர் மாதிரி இருந்தது. வெறும் வட்ட ஓட்டை. மூன்றாவது முழு இரும்பு, கைப்பிடியில் ரப்பர், நீளமான வாய். அஞ்சு இதழ் பூ. பக்கத்தின் உள்ளே இரண்டு விரல் தூரம் வரை போய் வெட்டும். மரியசெல்வி அதைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக் காட்டினாள். அப்படிப் பிடித்தால் பூ எந்த இடத்தில் விழப்போகிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

கார்முகில் பிளாஸ்டிக்கைத் தொடக்கூட இல்லை. இரும்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, அச்சும் குழியும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்த்தான். ஸ்பிரிங்கை நகத்தால் தட்டினான். நாலு தரம் அமுக்கினான். ஆட்டம் இல்லை. நல்ல வேலைப்பாடு என்று அவனுக்குப் பட்டது.

"யாருக்குங்க?" என்று கேட்டாள் மரியசெல்வி.

"பொண்ணுக்கு."

"கை சின்ன கைங்களா? ஏன் கேக்கறன்னா இது டைட்டா இருக்கும்."

கார்முகில் தன் கையைப் பார்த்தான். பெல்ட்டுக்கு அடியில் ஓடும் ரோலரைத் தூரத்திலிருந்து பார்த்தே அளவு சொல்லிவிடுவான். மகளின் கை எவ்வளவு என்று சொல்லத் தெரியவில்லை. கடைசியாக அந்தக் கையைப் பிடித்தது சுடுகாட்டிலிருந்து வந்த அன்றைக்கு. அன்று அளவு பார்க்கவில்லை.

"பெரிய பொண்ணுதாங்க. ஒம்போதாவது முடிச்சிடுச்சி" என்றான்.

சரியென்று அவள் இரும்பையே பொட்டலம் கட்டினாள். கட்டும்போதே, புதுசில் டைட்டாக இருந்தால் மெழுகுத்தாளை வைத்து நாலைந்து தரம் அமுக்கச் சொன்னாள். ஸ்வீட் பாக்ஸில் வரும் வெள்ளித்தாளும் போதுமாம். அவன் தலையாட்டினான். ஆனால் மனசில் ஒட்டவில்லை. இரும்பு இரும்போடு உரசுகிற இடத்தில் மெழுகு என்ன செய்யும் என்று நினைத்தான்.

அன்று செகண்ட் ஷிஃப்டுக்குப் பஞ்சையும் கொண்டுபோனான். சாப்பாட்டு நேரத்தில் ஜெயராமன் அதை வாங்கி அமுக்கிப் பார்த்தான். பெல்ட் வேலையில் கார்முகிலின் ஜோடி அவன்தான். பீடிக்கட்டின் தாளில் ஒரு பூ விழுந்தது.

"என்னாடா இது, பெல்ட்டுல பூ வெட்டப் போறியா?" என்றான் ஜெயராமன். "வெட்டு, வெட்டு. பர்மனென்ட் ஆக்கிடுவானுங்க."

விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். இன்னொரு தரம் அமுக்கிவிட்டு, பிள்ளைக்குக் கஷ்டமாக இருக்கும், ஆயில் விடு என்றான்.

கார்முகிலும் அதைத்தான் நினைத்திருந்தான். அவர்கள் செட்டில் ஒரு பழக்கம் உண்டு. ஸ்பானரோ கட்டரோ, எந்த டூலையும் காய்ந்தபடி இன்னொருத்தன் கையில் கொடுக்கமாட்டார்கள். துடைத்து, எண்ணெய் விட்டு, ஆட்டிப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். அப்படிக் கொடுக்காதவனை முதுகுக்குப் பின்னால் ஏசுவார்கள். கார்முகில் சின்ன ஆயில் கேனிலிருந்து அச்சின் மேலே இரண்டு சொட்டு, ஸ்பிரிங்கில் இரண்டு சொட்டு விட்டான். அமுக்கி அமுக்கி உள்ளே இறக்கினான். மெஷின் துடைக்கும் காட்டன் வேஸ்டை எடுத்து இடுக்கு இடுக்காகத் துடைத்தான். பிறகு பழைய நோட்டீஸ் தாளில் வெட்டிப் பார்த்தான். முதலில் விழுந்த பூக்களில் கறை இருந்தது. கறை நிற்கும் வரை வெட்டினான். நின்றது. இப்போது இரண்டு விரலால் அமுக்கினாலே வெட்டியது. குழந்தைகூட அமுக்கலாம். அவனுக்குத் திருப்தியாக இருந்தது.

சனிக்கிழமை அவனை நைட் ஷிஃப்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஆள் குறைவு. ஞாயிறு காலையில் வீட்டுக்கு வந்தபோது இசைப்பிரியா வாசலில் பையோடு உட்கார்ந்திருந்தாள். முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். வளர்ந்திருந்தாள். இட்லி வாங்கி வந்து இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். பஞ்சை எடுத்துக் கொடுத்தான். அமுக்கிப் பார்த்து, "ஈசியா இருக்குதுப்பா" என்றாள். சிரித்த மாதிரிதான் இருந்தது. ஆல்பத்தைக் காட்டச் சொன்னான். முடிந்த பிறகு காட்டுவதாகச் சொன்னாள். அவனுக்குக் கண் சொருகியது. மத்தியானம் எழுந்து, சாப்பிட்டு, பள்ளிக்கூட விஷயத்தைக் கேட்டுவிடலாம் என்று நினைத்துப் படுத்தான்.

எழுந்தபோது மணி மூன்று இருக்கும். ஃபேன் நின்றிருந்தது. தாள் பறக்கிறது என்று அவள் நிறுத்தியிருக்க வேண்டும். ஹாலில் தரை முழுக்க ஆல்பத்தின் பக்கங்களைப் பரப்பி வைத்திருந்தாள். நடுவில் மண்டி போட்டு உட்கார்ந்து, முகத்துக்குப் போடும் பவுடரைத் தாள்மேல் தூவி, துணியால் ஒத்திக்கொண்டிருந்தாள்.

அவனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தான். வெட்டிய ஒவ்வொரு பூவைச் சுற்றியும் எண்ணெய் ஊறி வட்டம் வட்டமாக நின்றது. எண்ணெய் பட்ட இடத்தில் தாள் கண்ணாடி மாதிரி ஆகி, பின்பக்கத்து எழுத்து முன்பக்கத்தில் தெரிந்தது. நோட்டீஸ் தாள் மெல்லிசு. அதை வெட்டியபோது மேலோட்டமாக இருந்த எண்ணெய்தான் வந்து போனது. இந்தத் தடித்த தாளை அச்சு நெரித்து வெட்டும்போது, மேலே ஸ்பிரிங்கில் தங்கியிருந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. வெட்டிய உடனே தெரியவில்லை. அவள் எல்லாப் பக்கங்களையும் வெட்டி முடித்து, சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தபோதுதான் பரவியிருந்தது.

"எழுப்பியிருக்கலாம்ல" என்றான்.

"நைட்டு பாத்துட்டு வந்து தூங்கிகினு இருந்த."

அவனும் உட்கார்ந்து பவுடரைத் தூவினான். பவுடர் கொஞ்சம் எண்ணெயைக் குடித்தது. ஆனால் வட்டம் போகவில்லை. மணிமொழி பதினோராவது படிக்கையில் ஸ்டுடியோவில் நின்று எடுத்த போட்டோ ஒன்று இருந்தது. அது ஒரே பிரதி. போட்டோ தப்பியிருந்தது. ஆனால் அதை ஒட்டிய பக்கத்தில் இசைப்பிரியா எழுதியிருந்த வரிகள் பூக்களுக்கு நடுவில் கலங்கிப்போயிருந்தன. அவன் படிக்க முயன்றான். அம்மா தூங்கும்போது வளையலைக் கழற்றி வைத்துவிடுவாள் என்று இருந்தது. அதற்கு மேல் படிக்க முடியவில்லை. மணிமொழி அப்படிச் செய்வாள் என்பது அவனுக்கு ஞாபகமே இல்லை.

டூலைக் காய்ந்தபடி கொடுக்கக் கூடாதென்று ஆயில் விட்டதைச் சொன்னான். துடைத்ததையும் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டாள். கோபப்பட்டிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். புதுத்தாள் வாங்கித் தருகிறேன், லீவு போட்டுக் கூடவே உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்ப எழுத உதவுகிறேன் என்றான். பரவாயில்லை, இப்படியே வைத்துவிடலாம் என்று அவள் பக்கங்களை வரிசையாக அடுக்கினாள். ஒவ்வொரு பக்கத்துக்கும் இடையில் ஒரு பேப்பர் வைத்து, எண்ணெய் அடுத்த பக்கத்துக்குப் போகாமல் கட்டினாள். அவள் கை சின்னதுதான். மணிமொழியின் கை மாதிரி விரல் நுனி கூர்மையாக இருந்தது.

ஆறிப்போன சோற்றை இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். சாயங்காலம் வண்டியில் ஆர்ச் கேட் பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிப்போனான். காடாம்புலியூர் வழியாகப் போகும் பண்ருட்டி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. நேராகக் கேட்டான்.

"பத்தாவது இங்க வந்து படிக்கிறியா?"

அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "சித்தி வூட்லியே படிக்கிறன்பா."

"அந்த ஆயிலு... நான் வேணும்னு பண்ணல பாப்பா."

"ஆயிலால இல்லப்பா. போன வாரமே சித்திகிட்ட சொல்லிட்டன்." ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. "இங்க நீ ஷிஃப்ட் முடிச்சி வந்து தூங்கிகினு இருப்ப. நான் சத்தம் இல்லாம நடக்கணும். பாத்திரம் மெதுவா வெக்கணும். அம்மா இருந்தப்பவும் அப்டித்தான். அம்மா கூட இருந்தா அது ஒண்ணும் தெரியாது. ரெண்டு பேரும் கையாலியே பேசிக்குவோம். தனியா முடிலப்பா."

எண்ணெய்தான் காரணம் என்றால் சொல்வதற்கு அவனிடம் வார்த்தை இருந்தது. வண்டி ஓட்டிவரும்போதே அதையெல்லாம் யோசித்து வைத்திருந்தான். அவர்கள் கையால் பேசிக்கொண்டது அவனுக்குத் தெரியாது. அவன் தூங்கிக்கொண்டிருந்த வீட்டில் அப்படி ஒன்று நடந்திருக்கிறது.

பஸ் வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்தாள். "வியாழக்கெழம காலையிலியே வந்துடுப்பா" என்றாள். சரி என்றான்.

பஸ் போனதும் அங்கேயே நின்று ஜெயராமனுக்குப் போன் செய்தான். சூப்பர்வைசரிடம் சொல்லி ஜெனரல் ஷிஃப்ட் வாங்க முடியுமா, நைட்டும் செகண்டும் இல்லாமல், தினமும் பகலில் மட்டும் வருகிற மாதிரி, சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று கேட்டான்.

ஜெயராமன் சிரிக்கவில்லை. கிண்டல் செய்யவும் இல்லை. அதிலிருந்தே கிடைக்காது என்று கார்முகிலுக்குத் தெரிந்துவிட்டது.

"கான்ட்ராக்ட்டுக்கு யார்றா ஜெனரல் குடுப்பான்? பர்மனென்ட் ஆளுங்களே க்யூவுல நிக்கிறானுங்க." பின்னால் டீக்கடைச் சத்தம் கேட்டது. "பாப்பா என்னா சொல்லிச்சி?"

"அங்கியே படிக்குதாம்."

"சரி வுடு. நல்லா படிக்கட்டும். நைட்டுக்கு நேரத்தோட வந்துடு, ரோலர் நெறைய மாத்த வேண்டியிருக்குது."

வரேன் என்று சொல்லி வண்டியை உதைத்துக் கிளப்பினான். ஷிஃப்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. வீட்டுக்குப் போனால் கொஞ்சம் தூங்கலாம்.