இளகாத பசை

பேய் என்று யாராவது கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். கொட்டாஞ்சேனையில் கிட்டார் திருத்தும் இந்தப் பட்டறையைத் தொடங்கிய காலத்திலிருந்து எத்தனையோ பேய்களைப் பசை போட்டு ஒட்டி அனுப்பியிருக்கிறேன். வெயிலில் நிற்கும் காருக்குள் கிட்டாரைப் போட்டுவிட்டுப் போவார்கள். உள்ளே எங்காவது பசை விட்டுப்போய் அது முனகும். உடனே செய்வினை, கண்ணூறு என்று ஒரு பெரிய கதை.

ஆனந்தியும் அப்படித்தான் வந்தாள். வெள்ளவத்தையில், கடலோர ரயில்பாதைக்குப் பக்கத்து ஒழுங்கையில் வீடு. கிட்டார் அவள் கணவன் சந்திரகுமாருடையது. போன வருடம் மருதானையில் வேலைத்தலத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன், உயிரோடு வீடு திரும்பவில்லை.

"பிறெடி அண்ணை, இது தானாச் சத்தம் போடுது. நிப்பாட்டித் தரவேணும்."

"எப்ப போடுது, தங்கச்சி?"

"பின்னேர ட்ரெயின் போகேக்க. அவர் வாற ட்ரெயின். மற்ற ட்ரெயினுகளுக்கு மூச்சும் இல்லை."

வேலை முடிந்து சந்திரகுமார் அந்த ரயிலில்தான் வருவானாம். செருப்பைக் கழற்றியதும் சுவரில் தொங்கும் கிட்டாரைக் கட்டைவிரலால் ஒருதரம் மீட்டிவிட்டுத்தான் உள்ளே போவானாம். இப்போது ரயில் போகிறது, கிட்டார் முனகுகிறது. ஐந்து வயது மகள் அபிராமி ஓடிப்போய்க் கதவைத் திறக்கிறாள்.

"திறந்து பாத்திட்டு, 'அப்பா வந்திட்டார்' எண்டு சிரிச்சுக்கொண்டு சாத்துறா, அண்ணை. அந்தச் சிரிப்பைத்தான் என்னால பாக்கேலாது. பெட்டிக்குள்ள வைச்சுப் பூட்டியும் பாத்தனான். அழுது குழறித் திரும்பச் சுவரில கொழுவ வைச்சிட்டா. சத்தம் நிண்டால் பிள்ளை மெல்ல மெல்ல மறந்திடுவா."

இந்தமுறை எனக்குச் சிரிப்பு வரவில்லை. விரல் முட்டியால் கிட்டாரின் முகப்பலகையைத் தட்டிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் சத்தம் தளர்ந்து கேட்டது. துளைக்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தால், பலகையை அடியில் தாங்கும் சட்டம் ஒன்று ஒரு முனையில் பசை விட்டிருந்தது. ஒவ்வொரு ரயிலின் அதிர்வும் ஒவ்வொரு மாதிரி. ஆட்கள் நிரம்பி வழியும் அந்தப் பின்னேர ரயிலின் கனம் இந்தச் சட்டத்தோடு ஒத்துப்போயிற்று. அவ்வளவுதான் பேய்.

வழக்கமாக நான் போடுவது சூடு காட்டினால் இளகும் பசை. நாளைக்கு இன்னொருவன் கழற்ற வேண்டி வரலாம் அல்லவா? ஆனால் கடற்கரை வீடுகளுக்கு அது சரிவராது, உப்புக்காற்றில் மறுபடியும் விட்டுவிடும். அதனால் வெள்ளவத்தைக் கிட்டார் என்றால் எபொக்சிதான். போட்டால் போட்டதுதான், பலகையை உடைத்தால் ஒழிய வராது. இதற்கும் அதைத்தான் போட்டேன்.

மற்ற யாருக்கும் செய்யாததை இவளுக்குச் செய்தேன். நானே கொண்டுபோய்ச் சுவரில் கொழுவிவிட்டு, ரயில் வரும்வரை உட்கார்ந்திருந்தேன். ஆனந்தி பிளேன்டீ தந்தாள். அபிராமி தரையில் இருந்து பென்சிலால் படம் கீறிக்கொண்டிருந்தாள்.

ரயில் வந்தது. யன்னல் கண்ணாடி நடுங்கியது, மேசையில் கோப்பை நடுங்கியது. கிட்டார் வாயே திறக்கவில்லை. உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அபிராமி பென்சிலை வைத்துவிட்டுக் கிட்டாரைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். திறந்தவள் சாத்தவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"சாத்திப்போட்டு வாங்கோ, பிள்ளை," என்றாள் ஆனந்தி.

"அப்பா இன்னும் வரேல்லையே, அம்மா."

அடுத்த ரயிலும் போயிற்று. ஒழுங்கையில் விளக்குகள் எரியத் தொடங்கின. வேலைவிட்டு வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். பிள்ளை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இவ்வளவு காலமும் அந்த முனகலோடு அவளுடைய அப்பா நாள் தவறாமல் வீடு வந்து சேர்ந்துகொண்டிருந்தார். இன்றைக்குத்தான் அவர் வரவில்லை. வராமல் பண்ணியவன் சோபாவில் இருந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"ட்ரெயின் லேட்டா, அம்மா?"

ஆனந்தி வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். சட்டத்தைத் திரும்பக் கழற்றலாம் என்றால் நான் போட்டது எபொக்சி. யோசிக்காமல் எழுந்து, கட்டைவிரலால் ஐந்தாம் கம்பியை மெல்ல மீட்டினேன்.

"வந்திட்டார்!" என்றாள் அபிராமி. சிரித்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். வந்து பென்சிலை எடுத்து, விட்ட இடத்திலிருந்து படத்தைக் கீறத் தொடங்கினாள்.

ஆனந்தி எனக்குப் பக்கத்தில் வந்தாள்.

"நாளைக்கு ஆர், அண்ணை?" என்று கிசுகிசுத்தாள்.

பிறகு கிட்டாருக்குக் கிட்டப் போய், "எந்தக் கம்பி எண்டு காட்டுங்கோ," என்றாள். காட்டினேன். அவள் தன் கட்டைவிரலை அதன்மேல் வைத்துப் பார்த்தாள்.

மறுநாள் பட்டறையில் வேலையே ஓடவில்லை. எங்கள் ஒழுங்கைக்கு ரயில் சத்தம் கேட்காது. வெளிச்சம் மங்குகிற நேரம், சுவரில் தொங்கும் கிட்டார்களில் ஒன்று முனகியது. துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறியாக இருக்கும். எது முனகுகிறது, ஏன் முனகுகிறது என்று தட்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பதுதான் என் தொழில். நான் அதைச் செய்யவில்லை. எழுந்துபோய்க் கதவைத் திறந்து பார்த்தேன்.

ஒழுங்கையில் யாரும் இல்லை. கதவைச் சாத்தத்தான் எனக்குக் கை வரவில்லை.