பூரணிக்குப் போட்ட வயசு

மூன்று தோட்டத்து வாத்தியார்களும் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்திருந்ததை சோலைமலை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தான். உடப்புசல்லாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாத்தியார். முன்பு கொழுந்து நிறுத்த பழைய மடுவக் கொட்டகையில் ஐந்து வகுப்பும் ஒன்றாக உட்கார்ந்து கத்தும். ஐந்தாவதுக்கு மேல் படிப்புக் கிடையாது, அப்புறம் மலையில் கொழுந்து பறிக்கிற வேலைதான்.

மூவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள், ஒருத்தரோடு ஒருத்தர் முகங்கொடுத்துப் பேசாதவர்கள். அவர்களைக் கூட்டி உட்காரவைத்தவர் அம்பலவாணர் வாத்தியார். சின்ன வகுப்புகளை இரண்டு பள்ளிக்கூடங்கள் பங்கிட்டுக்கொள்வது, மூன்றாவதில் ஆறாம் வகுப்பு தொடங்குவது என்று பேசி முடித்தார்கள். பதின்மூன்று வயது தாண்டாத முப்பது பிள்ளைகள் இருந்தால் கல்விக் கந்தோர் அதிகாரிகள் ஒத்துக்கொள்வார்கள்.

பேர் எழுதி வரும் வேலை சோலைமலைக்கு. முப்பத்தைந்து வயசுக்கு மேல் தொழிற்சங்கத்து வகுப்பில் எழுத்துக் கூட்டியவன் அவன். செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன விரலில் பென்சில் நிற்காது. மூன்று ஞாயிற்றுக்கிழமை தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கினான்.

"என்ன சோலைமலையண்ணே, ஓட்டுக் கேக்குற ஆளு மாதிரி வர்றீங்க? ஓட்டுப் போடுற உரிமயத்தான் கவர்மெண்டு நம்மகிட்டருந்து புடுங்கிருச்சே!" என்று பக்கத்து லயத்து வேலாயி சிரித்தாள். சிரித்துக்கொண்டே மகன் பேரையும் சொன்னாள்.

முப்பத்து மூன்று பேர் சேர்ந்தது. முதல் பேர் அவன் மகள் பூரணி. வயசு பதினொன்று.

வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி ஜீப்பில் வந்தார். பிறப்புச் சாட்சி கேட்டார். லயத்துக் காம்பராவில் பிறந்ததுகளுக்கு ஏது சாட்சி? தோட்டத்து ஆபீசுகளிலிருந்து, வீட்டு ஆட்களின் வயசு பதிந்த குடும்பப் புத்தகங்களை வரவழைத்தார். அந்தப் புத்தகத்தில் பூரணிக்குப் போட்டிருந்த வயசு அப்போதுதான் சோலைமலைக்கு ஞாபகம் வந்தது.

இரண்டு வருசத்துக்கு முன்னால், பெண்சாதி காளியாயி நெஞ்சு நோவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவளுக்குப் பதிலாக வேலைக்குப் பேர் பதிய இன்னொரு ஆள் வளராத வீட்டில் குடியிருக்கும் காம்பராவைப் பறித்துவிடுவார்கள் என்று பேச்சு. குடும்பப் புத்தகம் எழுத வந்த தோட்டத்துக் கிளாக்கருக்கு முன்னால் ஒன்பது வயசுப் பூரணியைக் குதிகாலைத் தூக்கி நிற்கச் சொல்லி, "பன்னெண்டுங்க ஐயா, சோறு பத்தாம சின்னதாத் தெரியுதுங்க" என்றான். அவன் மட்டுமா? பிள்ளை உள்ள வீடெல்லாம் இரண்டு மூன்று கூட்டித்தான் சொன்னது. அதைப் பொய்யென்று யாரும் நினைக்கவில்லை. கூரை ஒழுகினால் சாக்கைச் சொருகுகிற மாதிரி ஒரு காரியம்.

புத்தகத்தில் பதின்மூன்று தாண்டியிருந்த பேரையெல்லாம் அதிகாரி சிவப்பு மையால் அடித்துக்கொண்டே போனார். சோலைமலை வருந்தி வருந்தி எழுதிய எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. இருபத்து மூன்று மிஞ்சியது.

"ஐயா, வயச நாந்தாங்க கூட்டிச் சொன்னேன். எம்மேல கேசு போடுங்க. புள்ளைங்கள விட்ருங்க."

"அண்டைக்குச் சொன்னது பொய்யோ, இண்டைக்குச் சொல்லுறது பொய்யோ? எதை நான் நம்பிறது?"

"இருபத்து மூண்டோட துவங்கினால் என்ன, ஐயா?" என்றார் அம்பலவாணர்.

"சட்டம் நான் எழுதேல்லை, மாஸ்டர்."

ஜீப் போனதும் மற்ற இரண்டு வாத்தியார்களும் குடையை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு பாதையில் இறங்கினார்கள். போகிறபோது ஒருத்தரையொருத்தர் பார்க்கவில்லை. அம்பலவாணர் இரண்டு வார்த்தை ஏசினால் தேவலை என்று சோலைமலை நின்றான். "நீர் வீட்டை போம், சோலைமலை," என்றார் அவர். அவ்வளவுதான்.

அதோடு முடிந்ததா? புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுபோன கிளாக்கர், புத்தகக் கணக்கில் பதினாலு வயசுப் பிள்ளையொன்று வேலைக்கு வராமல் இருப்பதை அப்போதுதான் கவனித்தார்.

அடுத்த மாதம் முதல் தேதி, வேலைக்குப் பேர் கூப்பிடும் காலைப் பெரட்டு. காளியாயி மலைக்குக் கட்டிப் போகும் படங்குச் சாக்கை இரண்டாக மடித்துப் பூரணியின் இடுப்பில் கட்டியிருந்தது. கூடை முழங்கால் மடிப்பில் இடித்தது. கங்காணி வீரய்யா பேர் வாசித்தார்.

"பூரணி!"

"உள்ளேன் ஐயா!"

பெரட்டே சிரித்தது. "அடி ஆத்தி, இங்கயும் பாடமாடி நடத்துறாங்க!" என்றாள் வேலாயி. கங்காணியும் சிரித்துவிட்டு அடுத்த பேருக்குப் போனார். பூரணி மட்டும், தூக்கின கையை எப்போது இறக்குவதென்று தெரியாமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.