அரை டம்ளர் விமானம்

1

இந்தக் கதைக்காக நான் கண்ணால் பார்த்தது கொஞ்சம்தான். 2006 பொங்கல் நேரம், பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப். ஊருக்குப் போகிற கூட்டம் முண்டியடிக்க, ஒருவர் பெட்ஷீட்டில் சுற்றிய ரிமோட் விமானத்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். கை லேசாக நடுங்கியது. பக்கத்தில் மனைவி. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள். மீதி முழுக்க என் சரக்கு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பறத்தல் என்பது மனிதனின் ஆதிக்கன—’ கண்றாவி. வேண்டாம்.

அப்புறம்: ‘ஓய்வுபெற்ற தேவானந்தம்—’ ஓய்வெல்லாம் இல்லை, இன்னும் ஆபீஸ் போகிறார். கை நடுக்கம் வந்ததிலிருந்து அங்கே அவர் ஃபைலை வேறு யாராவது வாங்கித் தூக்கிக்கொண்டு போகிறார்கள். வீட்டில் மனைவி வெண்ணிலா காபியை அரை டம்ளர்தான் ஊற்றுகிறார், சிந்தக் கூடாதே என்று. எல்லாரும் நல்லவர்கள், அதுதான் பேஜார். அவரே ஒட்டி, அவரே ஓட்டப்போகிற ஒரே பொருள் இந்த விமானம்.

3

[கொஞ்சம் விளக்கம், தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். வாலில் மேலும் கீழும் அசைகிற பட்டைக்கு எலிவேட்டர் என்று பெயர். விமானத்தின் மூக்கைத் தூக்குவதும் இறக்குவதும் அதுதான். அதை இழுக்கிற கம்பி ஒரு பிளாஸ்டிக் கொம்பில் மாட்டும். கொம்பில் மூன்று துளை. பட்டையை ஒட்டிய உள்துளையில் மாட்டினால் பட்டை நிறைய அசையும். நுனித் துளையில் மாட்டினால் கொஞ்சம்தான்.]

தேவானந்தம் நடுத்துளையில் மாட்டியிருந்தார். அவர் குளிக்கப் போன நேரத்தில் வெண்ணிலா அதைக் கழற்றி நுனித் துளைக்கு மாற்றிவிட்டார். கை உதறினாலும் விமானம் உதறாது என்ற கணக்கு.

(வெண்ணிலாவை வில்லியாக்கலாமா என்று யோசித்தேன். பாவம், மனசு வரவில்லை.)

4

சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி, கல் நட்டு இன்னும் வீடு கட்டாத மனைகள். விமானம் ஏறியது, ஆனால் மந்தமாக. எதிரே பனைமரம் வர, ரிமோட் குச்சியை முழுக்க இழுத்தும் மூக்கு எழவில்லை. ஓலையை உரசிக்கொண்டு முள்புதரில் போய் உட்கார்ந்தது. நல்லவேளை, உடையவில்லை. தேவானந்தம் அதைப் புரட்டி வாலைப் பார்த்தார்.

“இதையும் அரை டம்ளர் ஆக்கிட்டியா?”

வெண்ணிலா மறைக்கவில்லை. “உடைஞ்சிட்டா நீங்க இதையும் விட்டுடுவீங்களோன்னு பயந்துட்டேங்க.”

அவர் கோபப்படவில்லை. கம்பியைக் கழற்றினார்.

5

இப்போது முடிவு. நடுத்துளையில் மாட்டி இருவரும் சிரிப்பது போல ஒன்று எழுதினேன். டீவி சீரியல் மாதிரி இருந்தது. உள்துளையில் மாட்டி விமானம் நொறுங்குவது போல ஒன்று; எனக்கே தாங்கவில்லை. மூன்றாவதில், கம்பியை வெண்ணிலா மாற்றிய நுனித் துளையிலேயே மறுபடி மாட்டவைத்தேன். அப்போதுதான் உறைத்தது. முதல் பத்தியில் ‘லேசாக’ என்று எழுதினேனே, அது பொய். அவர் கை நன்றாகவே நடுங்கியது. நானும் அவருக்கு அரை டம்ளர்தான் ஊற்றியிருக்கிறேன். அந்த வார்த்தையை அடித்துவிட்டுப் படியுங்கள்.

கம்பி முனை துளையைத் தேடி இங்கும் அங்கும் போகிறது. மாட்டவில்லை. மறுபடி முயல்கிறார். வெண்ணிலாவின் கை தானாக முன்னே வருகிறது; வந்த கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொள்கிறார். நானும் பேனாவை மூடிவிட்டேன்.

எந்தத் துளை என்று என்னைக் கேட்காதீர்கள். நீங்களும் கை நீட்டாதீர்கள். அவர் மாட்டட்டும்.