நாத்தனார் சுற்று

9.7.1978, ஞாயிறு

நேற்று ஒரு சிறு பிழை செய்தேன். மன்றத்தின் பாட்டு நோட்டில் நாற்பத்து மூன்றாம் பாட்டுக்கு எதிரே 'முழுமை' என்று எழுதிவிட்டேன். அது முழுமை இல்லை. எட்டுச் சுற்றில் ஏழுதான் இருக்கிறது.

எழுதும்போதே தெரியுமா, எழுதிய பிறகு தெரிந்ததா என்று இரண்டு முறை யோசித்துப் பார்த்தேன். எழுதும்போதே தெரியும். அப்படியானால் பிழை என்ற சொல் சரியா என்பது சந்தேகம். இப்போதைக்கு இருக்கட்டும்.

வரிசையாக எழுதினால் எனக்கே விளங்கும். எங்கள் கிராமியப் பாட்டு மன்றம் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மாலை நெசவாளர் சங்கக் கட்டடத்தில் கூடுகிறது. யாரும் வரலாம், யாரும் பாடலாம். இதைக் கூடல் என்கிறோம். கூடலுக்கு ஒருவர் புதுப்பாட்டு கொண்டுவந்தால் நான் அதை நோட்டில் எழுதி, அவர் பெயரைப் போட்டு, 'முழுமை' அல்லது 'குறை' என்று குறிக்க வேண்டும். முழுமை என்றால் கச்சேரியில் அவரே முன்பாட்டு. குறை என்றால், மீதியைக் கொண்டுவருகிறவருக்குப் பாட்டு போய்விடும். இந்த விதி செயலாளர் கோதண்டபாணி அண்ணன் போட்டது. பகலில் ரேஷன் கடையில் எடை போடுகிறார், மாலையில் பம்பை அடிக்கிறார்.

நேற்று ரஞ்சிதம் பாவுப் பாட்டு பாடினாள். அவள் அம்மையார்குப்பத்துப் பெண், தறி வீடு. மன்றத்தில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அவள் குரல் நல்ல குரல். இந்த ஒரு வரியை எழுத எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று.

முளைக்குச்சிகளைச் சுற்றி நூலை ஓட்டித் தறிக்கு நெடுக்கு நூலான பாவு போடும்போது பெண்கள் பாடும் பாட்டு அது. ஒரு சுற்று நடந்து முடிய ஓர் அடி. எட்டு அடிக்கு எட்டு உறவுக்காரர் வருவார்கள். 'மாமன் வந்தான் மஞ்சள் கொண்டு, நூலைப் பாத்து ஓடு' என்று தொடங்கும். எட்டு முடிந்தால் ஒரு முடிச்சு. பாட்டைச் சரியாகப் பாடினால் வேறு கணக்கு வேண்டாம்.

எங்கள் வீட்டிலும் அந்தப் பாட்டு உண்டு. ஒரு வருடமாகக் கூடலுக்குக் கொண்டுபோக நினைத்திருந்தேன். ஐந்தாம் சுற்றில் அண்ணி கொண்டுவருவது 'செவப்பு நூலா', 'செவ்வந்திப் பூவா' என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. அம்மாவை நான்கு முறை கேட்டேன். இரண்டு முறை நூல் என்றாள், இரண்டு முறை பூ என்றாள். உறுதியானதும் பாடலாம் என்று இருந்தேன். ரஞ்சிதம் நேற்று எழுந்து நின்று 'செவ்வந்திப் பூ' என்று பாடினாள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆறாவது நாத்தனார் சுற்று. அதை அவள் பாடவில்லை. நேரே ஏழுக்குப் போய்விட்டாள்.

"முழுசாம்மா, அம்சா?" என்று கோதண்டபாணி அண்ணன் கேட்டார்.

"ஆங், முழுசுதாங்கண்ணா" என்றேன்.

உடுக்கை வாசிக்கும் எல்லப்பன் கையைத் தட்டினான். "அண்ணா, ஆகஸ்ட் கச்சேரிக்கு இதான் மொதல் பாட்டு. ரஞ்சிதம் பாடுதுன்னு தெரிஞ்சா அம்மையார்குப்பமே பஸ் புடிச்சு வந்துடும் பாரு."

வரட்டும். வருகிறவர்கள் எல்லாரும் பாவு ஓட்டியவர்கள். ஏழாவதில் முடிச்சு விழுந்தால் கச்சேரிக் கொட்டகையில் இருக்கும் அத்தனை பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அதை நினைத்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

11.7.1978, செவ்வாய்

கோதண்டபாணி அண்ணன் ஆகஸ்ட் மாத நிகழ்ச்சி நிரலைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்பியிருந்தார். டைப் வகுப்புக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து ஸ்டென்சில் அடிப்பது என் வேலை. ஆறாம் தேதி ஞாயிறு, ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்த பின், கச்சேரி. பன்னிரண்டும் பத்தொன்பதும் கூடல். இருபதாம் தேதி உடுக்கைப் பயிற்சி, எல்லப்பன் நடத்துகிறான், உடுக்கை இல்லாதவர்களும் வரலாம். கச்சேரி என்பதற்குக் கீழே 'பாவுப் பாட்டு, முன்பாட்டு ரஞ்சிதம்' என்று இருந்தது. மற்றவர்கள் பெயரை அண்ணன் சாதாரணமாக எழுதியிருந்தார். அவள் பெயருக்கு மட்டும் அடியில் கோடு போட்டிருந்தார்.

இரண்டு வருடமாக நோட்டு எழுதுகிறேன். என் பெயருக்கு யாரும் கோடு போட்டதில்லை. நிரலின் கடைசியில் 'தட்டச்சு: அம்சா' என்று வரும். அதையும் நானேதான் அடித்துக்கொள்கிறேன்.

காலையில் ஊடைநூலைத் தாராகச் சுற்றிக்கொண்டே அம்மாவிடம் ஆறாம் சுற்றைக் கேட்டேன். அம்மா ராட்டையை நிறுத்தாமல் பாடினாள்.

"நாத்தனா வந்தா நாக்கைச் சுழட்டி, நூலைப் பாத்து ஓடு."

இன்னொரு முறை பாடச் சொன்னேன்.

"இன்னாடி, அதையே கேட்டுகினு கீற? மேடையில பாடப் போறியா?"

"இல்ல. ரஞ்சிதம்னு ஒருத்தி பாடுறா."

"அதானே பாத்தேன். நீ பாடினா மொத வரிசைக்கே கேக்காதே."

அம்மா கேலிக்குத்தான் சொன்னாள். ஆனாலும் பிறகு நான் சுற்றிய மூன்று தாரும் தளர்ந்துபோயின. அவிழ்த்து மறுபடி சுற்றினேன்.

ஸ்டென்சிலை இன்னும் அடிக்கவில்லை. பெயரை மட்டும் இரண்டு முறை வெறும் தாளில் அடித்துப் பார்த்தேன். ரஞ்சிதம் என்று அடிப்பதில் கஷ்டம் ஒன்றும் இல்லை.

14.7.1978, வெள்ளி

ஆறு மணிக்கு டைப் வகுப்பு முடிந்து மாடிப்படி இறங்கினால், கீழே சோடாக் கடை ஓரத்தில் ரஞ்சிதம் நின்றுகொண்டிருந்தாள். தன் அண்ணனோடு புடவைக் கட்டு கொண்டுவந்தவள். அவர் அதைப் போடப் புடவைக் கடைக்குப் போயிருந்தார்.

"தெரு முனை வரைக்கும் டொக்கு டொக்குன்னு கேக்குது. அது நீதானா?"

"பத்து மிஷின் ஓடுது. நான் ஒருத்தி இல்ல."

"சரி, பஸ்ஸுக்கு அரை மணி கீது. ஒண்ணு கேக்கணும்." அவள் தன் கையை விரித்து என் முகத்துக்கு நேரே காட்டினாள். "அன்னிக்கு நான் பாடறப்போ நீ வெரலை மடக்கிகினே வந்த. அஞ்சு வரைக்கும் சரியா மடக்கின. அடுத்த கையில ஒரு வெரலு பாதியில நின்னுச்சு. என்னைப் பாத்த. அப்பாலிக்கு கையைத் தாவணிக்குள்ள வெச்சிகின."

எதையும் விரல் மடக்கி எண்ணுவது என் பழக்கம். யாரும் பார்ப்பார்கள் என்று நினைத்ததில்லை.

"ஒரு சுத்து வுட்டுட்டேன், அதானே?" என்றாள்.

"ஆங். நாத்தனார் சுத்து."

"தெரியும். எங்கம்மா அதைப் பாடாது. எங்க அத்தையோட பேச்சு நின்னு பதினாலு வருசம் ஆவுது. அந்த எடம் வந்தா வாயை மூடிகினு சும்மா ஒரு சுத்து ஓடும். நூலு கணக்கா வந்துடும். பாட்டுல மட்டும் ஓட்டை. நான் வளந்ததெல்லாம் அந்த எடத்துல எங்கம்மா காலு சத்தம் கேட்டுதான்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "நீ ஏன் சொல்லல?"

பின்னால்தான் கவனித்தேன் என்று ஒரு பதிலை ஞாயிறன்றே தயார் செய்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"தெரிஞ்சேதான் சொல்லல."

கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"நானா இருந்தாலும் வாயைத் தொறந்திருக்க மாட்டேன்" என்றாள். "ஆனா எங்க நைனா முன்னாடி மேடையில மாட்டியிருந்தேன்னு வெச்சிக்கோ, உன் சடையை அறுத்து எல்லப்பன் உடுக்கைக்குக் கட்டியிருப்பேன். சரி, அந்தச் சுத்தைச் சொல்லு."

"சொன்னா நீதானே பாடுவ?" என்றேன்.

"பின்ன? நோட்டுல யாரு பேரு கீது?"

"முழுமைன்னு எழுதினது நான். எழுதாம இருந்திருந்தா..."

"அப்ப குறைன்னு எழுது. எழுதிட்டு நீயே பாடு." அவள் குரல் முதல் முறையாகக் கொஞ்சம் கூர்மையாக வந்தது. "நாளைக்குக் கூடல்ல எல்லாரும் இருக்கறப்போ பாடு. எட்டும் வந்துதுன்னா பாட்டு உன்னுது, நான் பின்பாட்டு. நடுவுல நின்னுட்டியா, எனக்கு அந்த ஒரு சுத்தைக் குடுத்துட்டு பின்னால வந்து நில்லு. அதுக்கு மேல மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கக் கூடாது. இன்னா சொல்ற?"

சரி என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் காதருகே கையை வைத்துக்கொண்டு, "இன்னா?" என்றாள்.

"சரின்னேன்!"

சோடாக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவள் அண்ணன் வந்துவிட்டார். பஸ்ஸில் ஏறி ஜன்னலில் தலையை நீட்டி, "தொண்டைக்கு மொளகு போட்டுக்கோ, அம்சா!" என்று கத்தினாள். சண்டை போட வந்தவள், உறவுக்காரியிடம் விடைபெறுகிறவளைப் போலக் கையாட்டிக்கொண்டு போனாள்.

இதுவரை அவள் குரலின் மேல்தான் பொறாமை என்று நினைத்திருந்தேன். குரல் மட்டும் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். பாட்டில் ஓட்டை இருக்கிறது என்று தெரிந்தே அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று பாடினாளே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நாளை அவள் தோற்றாலும் சிரித்துக்கொண்டே பின்வரிசைக்குப் போவாள். எனக்கு அப்படிப் போக வராது. ஜெயித்தாலும், அவள் விட்டுக்கொடுத்ததால் ஜெயித்தேனோ என்று ஒரு மாதம் யோசிப்பேன். அப்படி யோசிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் யோசிப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் தறிக்குழி அருகே நின்று பாடிப் பார்த்தேன். முதல் முறை நான்கில் மூச்சு முட்டியது. இரண்டாம் முறை எட்டும் வந்தது. மூன்றாம் முறை அம்மா அடுப்பங்கரையிலிருந்து, "இப்ப கேக்குது" என்றாள். நான்காம் முறை பாடவில்லை. கெட்டுப்போகுமோ என்று பயம்.

நாளை, சனிக்கிழமை: நாலரை மணிக்குக் கோதண்டபாணி அண்ணனிடம் நாற்பத்து மூன்றாம் பாட்டு குறை என்று சொல்லி, அவர் எதிரிலேயே நோட்டில் திருத்த வேண்டும். யார் தவறு என்று கேட்டால் என் தவறு என்று சொல்ல வேண்டும். ஐந்து மணிக்குக் கூடலில் முதல் ஆளாக எழுந்து எட்டுச் சுற்றையும் பாட வேண்டும்.